கண்ணும் கையும் போகும் இடத்துக்கே முதுகும் போகும்: கூன் போடாமல் உட்கார, நிற்க, தூக்க

“நிமிர்ந்து உட்காரு” என்றதும் எல்லோரும் ஒன்றைத்தான் செய்கிறார்கள். மூச்சை இழுத்து, நெஞ்சைத் தூக்கி, தோள்களைப் பின்னுக்குத் தள்ளி விறைத்துக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடம் தாங்கும். அப்புறம் பழையபடி வளைந்துவிடும். உடனே சோம்பல் என்று திட்டு விழும். அந்தத் திட்டு நியாயமே இல்லை.

முதுகு தானாக வளைவதில்லை. கண் பார்க்க வேண்டிய பொருளும் கை செய்ய வேண்டிய வேலையும் எந்த உயரத்தில் இருக்கின்றனவோ, அங்கே போய்ச் சேர்வதற்காக வளைகிறது. திரை தாழ்வாக இருந்தால் தலை இறங்கும். மேசை எட்டாவிட்டால் தோள் முன்னால் போகும். கால் தரையைத் தொடாவிட்டால் உடம்பு நாற்காலியில் வழுக்கி இறங்கும். ஆகவே முதலில் உயரங்களைச் சரிசெய்ய வேண்டும். அடிக்கடி நிலையை மாற்றிக்கொள்வது இரண்டாவது. உடற்பயிற்சிக்கு மூன்றாவது இடம்தான். பெரும்பாலானவர்கள் மூன்றாவதில் தொடங்குவதால்தான் பத்தே நாளில் கைவிடுகிறார்கள்.

இப்போது எப்படி இருக்கிறது?

சுவரில் சாய்ந்து பாருங்கள். குதிகால்கள் சுவரிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பிட்டமும் மேல்முதுகும் சுவரில் படட்டும். மோவாயை உயர்த்தாமல் பின்மண்டை சுவரைத் தொடுகிறதா? இடுப்புக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் சரி. முஷ்டியே நுழைந்தால் இடுப்பு முன்பக்கம் கவிழ்ந்திருக்கிறது. தலை எட்டவில்லை என்றால் கழுத்து முன்னால் வந்திருக்கிறது, அல்லது மேல்முதுகு இறுகியிருக்கிறது. வலிந்து தொட வைக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தலை எட்டாமல் இருந்து, இளவயது உயரத்தில் 4 செ.மீ.க்கு மேல் குறைந்தும் இருந்தால், எலும்புத் தேய்மானத்தால் முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். அவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சுவரைவிட உண்மையைச் சொல்வது புகைப்படம். வேலையில் மூழ்கியிருக்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துத் தரும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள். காது, தோள், இடுப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். எது விலகியிருக்கிறது, அந்த நேரத்தில் கண்ணும் கையும் எங்கே இருந்தன என்று பாருங்கள். அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நாற்காலியும் மேசையும்

இதில் வரிசை முக்கியம். மேசையின் உயரத்தைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. அதனால் மேசைக்கு ஏற்ப இருக்கை, இருக்கைக்கு ஏற்பக் கால்பலகை, கடைசியில் திரை.

வீடுகளில் சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 75 செ.மீ. உயரம். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை 43 செ.மீ. அளவில் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் அதில் உட்கார்ந்து கைகளைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், முழங்கை தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரத்தில்தான் வரும். மேசை அதைவிட 10 செ.மீ. உயரம். அந்த 10 செ.மீ.யைத் தோள்களைத் தூக்கித்தான் ஈடுகட்டுகிறார். மாலையில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல்போல இறுகுவது இதனால்தான். எத்தனை தைலம் தேய்த்தாலும் மறுநாள் திரும்ப வரும்.

1. மடக்கிய முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை இருக்கையை உயர்த்துங்கள். அமுங்கிப்போகும் பஞ்சுத் தலையணை உதவாது. கெட்டியாக மடித்த ஜமுக்காளம் அல்லது அடர்த்தியான ஃபோம் வேண்டும்.

2. பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து, இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, கீழ்முதுகு வில்லாக வளைந்துவிடும். அதனால் மடித்த துணியின் பின்பாதியை 3 முதல் 5 செ.மீ. கூடுதல் கனமாக வையுங்கள்.

3. கால் இப்போது தொங்கும். பாதம் முழுவதும் படியும்படி மணைப்பலகையோ, கட்டிய பழைய புத்தகங்களோ கீழே வையுங்கள். தொடைக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கால்பலகை போதவில்லை. நீண்ட நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போவதற்கு இந்த அழுத்தம் ஒரு காரணம்.

4. பின்னால் நன்றாகத் தள்ளி உட்காருங்கள். முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் நுனிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்து இருக்கையின் ஆழத்தைக் குறையுங்கள்.

5. ஒரு டர்க்கி டவலைச் சுருட்டி, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சாய்ந்து அமுங்கியபின் உள்ளங்கை அளவு கனம் இருந்தால் போதும். தடியாக வைத்தால் உடம்பு முன்னால் தள்ளப்படும். நடுமுதுகில் வைத்தால் கூன்தான் கூடும்.

இனி நிமிர்வதைப் பார்ப்போம். இரண்டு உள்ளங்கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வைத்தால் இரண்டு கூரான எலும்புகள் தட்டுப்படும். இடுப்பை முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். அந்த எலும்புகள் நேராகக் கீழ்நோக்கிக் குத்தும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்திவிட்டுக் கைகளை எடுங்கள். நெஞ்சு தானாக உயர்ந்திருக்கும், தோள்கள் தளர்ந்திருக்கும். நிமிர்வு இடுப்பிலிருந்து வந்தால் உழைப்பே தெரியாது. நெஞ்சிலிருந்து வந்தால் இரண்டு நிமிடம்தான்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதுதான் தொல்லை. கைக்கு ஏற்றபடி வைத்தால் தலை கவிழும், கண்ணுக்கு ஏற்றபடி உயர்த்தினால் தோள் தூக்கும். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் வேலை என்றால் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிவிடுங்கள். விலை உயர்ந்த நாற்காலியைவிட இந்தச் சின்னச் செலவு அதிகப் பலன் தரும். பிறகு கணினியைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வரும்படி, ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். வெள்ளெழுத்துக்காக இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க அவர்கள் மோவாயைத் தூக்குவார்கள், பிடரி இறுகும். அவர்கள் திரையை இன்னும் இறக்கி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். பெரியவர்களின் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் அது பஞ்சைப்போல நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சுகிறது. எழ முடியாதபோது பின்னால் நன்றாகச் சாயுங்கள். சாய்வது தவறு என்று நினைக்க வேண்டாம். 1999-ல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள் அழுத்தமானி பொருத்தி அளந்தார்கள். சாயாமல் இயல்பாக உட்கார்ந்தபோது 0.46 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) காட்டியது, தளர்ந்து சாய்ந்தபோது 0.3, முன்னால் முழுக்கக் குனிந்தபோது 0.83. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்றாலும், முன்னால் கவிழ்வதுதான் பாரத்தைக் கூட்டுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

செல்போன்

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதை 15 பாகை கவிழ்த்தால் கழுத்துக்கு 12 கிலோ பாரமும், 60 பாகை கவிழ்த்தால் 27 கிலோ பாரமும் வருவதாக 2014-ல் வெளியான ஒரு கணக்கு பரவலாகப் பேசப்படுகிறது. அது மாதிரி வைத்துக் கணக்கிட்டது, கழுத்தில் அளந்ததல்ல. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தலை முன்னால் போகப் போகப் பிடரித் தசைகள் கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது, ஐந்து நிமிடத்தில் கை கடுக்கும். மேல்கையை விலாவோடு ஒட்டி, மறு கையை அந்த முழங்கைக்கு அண்டை கொடுங்கள். போன் நெஞ்சின் மேல்பகுதிக்கு வரும். மீதித் தூரத்தைத் தலையைக் கவிழ்க்காமல் கருவிழியைத் தாழ்த்திப் பாருங்கள். உட்கார்ந்திருந்தால் மடியில் தலையணை வைத்து முழங்கைகளை ஊன்றிக்கொள்ளலாம். கட்டிலில் படுத்துத் தலையை மட்டும் சுவரில் முட்டுக்கொடுத்து, மோவாய் நெஞ்சில் இடிக்கப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

சம்மணம்

தரையில் உட்கார்ந்து எழுவது இடுப்பு மூட்டையும் முழங்காலையும் முழு வீச்சில் இயங்க வைக்கும் நல்ல வழக்கம். முடிகிறவர்கள் விட வேண்டாம். நாற்காலியிலேயே பழகியவர்களுக்கு இடுப்பு மூட்டு இறுகி, சம்மணமிட்டால் முழங்கால் மேலே நிற்கும், முதுகு வளையும். அவர்களுக்கு மருந்து மணைப்பலகைதான். 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழும், முதுகு நிமிரும். எந்தக் கால் முன்னால் என்பதை அடிக்கடி மாற்றுங்கள். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் தரையில் உட்காரக் கூடாது.

பிள்ளைகள் தரையில் நோட்டை விரித்து ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம் எழுதுவது சம்மணத்தின் நன்மையைக் கெடுத்துவிடும். பழைய கடைகளில் கணக்கெழுத வைத்திருந்த சாய்வு மேசை மாதிரி ஒன்று போதும். கெட்டி அட்டையின் ஒரு முனையை உயர்த்தி, குட்டை முக்காலியின் மேல் வைத்தாலும் அதே பயன்தான்.

சமையலறை

வீட்டில் முதுகை அதிகம் கெடுக்கும் இடம் இதுதான். ஒரே உயரத்தில் கட்டிய மேடையில் ஐந்தடிக்காரரும் ஆறடிக்காரரும் நிற்கிறார்கள்.

காய் நறுக்க, நின்ற நிலையில் மடக்கிய முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்வான மட்டம் வேண்டும். சப்பாத்தி மாவு பிசைய உடம்பின் எடையைக் கொடுக்க வேண்டியிருப்பதால் இன்னும் 5 செ.மீ. தாழ்வு நல்லது. 150 செ.மீ. உயரமானவரின் முழங்கை 93 செ.மீ. அளவில் வரும், அவருக்கு 80 செ.மீ. மேடை பொருந்தும். 175 செ.மீ. உயரமானவருக்கு அதே மேடை 15 செ.மீ. குறைவு. நறுக்கும் பலகைக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து உயர்த்துங்கள். நனைந்த துணியை மடித்துக் கீழே போட்டால் வழுக்காது. மேடை உயரம் என்றால் இரண்டு பாதமும் அகலமாக நிற்கும் வழுக்காத பலகையில் ஏறி நில்லுங்கள். அடுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. மேடை, அடுப்பு, குக்கர் மூன்றின் உயரமும் சேர்ந்து பாத்திரத்தின் வாய் நெஞ்சளவுக்கு வந்துவிடும். கிளறும்போது தோள் தூக்கும். நீண்ட நேரம் கிளறும் அல்வா, பொங்கல் போன்றவற்றுக்கு அகலமான தட்டைப் பாத்திரமும் நீண்ட கரண்டியும் வையுங்கள்.

தொட்டியின் அடிப்பகுதி மேடையைவிட 15 முதல் 20 செ.மீ. தாழ்வு என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அரை மணி நேரம் பாத்திரம் தேய்ப்பது அரை மணி நேரம் குனிந்து நிற்பதுதான். ஒரு குண்டானைத் தொட்டிக்குள் கவிழ்த்து, அதன் மேல் வைத்துத் தேயுங்கள். கீழ் அலமாரிக் கதவைத் திறந்து ஒரு காலை உள்தட்டில் ஊன்றுங்கள், சில நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றுங்கள். கீழ்முதுகு உடனே தளர்வதை உணரலாம்.

அரிவாள்மணையில் நறுக்குபவர்கள் அதைப் பக்கவாட்டில் போட்டுத் திரும்பி உட்காராமல் நேர் எதிரே போட்டுக்கொள்ளுங்கள். குட்டை விளக்குமாற்றால் வீடு முழுக்கப் பெருக்குவதைவிட நீண்ட கழியில் கட்டிய துடைப்பம் நல்லது. குட்டையானதே இருந்தால், சும்மா இருக்கும் கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு பெருக்குங்கள்.

தூக்குவது

அதே 1999 அளவீட்டில், நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கலாக இருந்த டிஸ்க் அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3 ஆனது. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. தூக்கிய சுமையை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1. 20 கிலோ என்பது ஒரு தண்ணீர் கேனின் எடை. முழங்காலை மடக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள், உடம்போடு ஒட்டு என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

முதுகை வளைக்காமல் குனியக் கற்க, ஒரு துடைப்பக் கழியை முதுகில் நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் கழி பட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவதுபோல் போங்கள். மூன்று இடமும் கழியை விட்டு விலகாத வரையில்தான் உங்கள் குனிவு. அதற்கும் கீழே போக வேண்டுமானால் முழங்காலை மடக்குங்கள். நாளைக்குப் பத்து முறை, இரண்டு வாரம் செய்தால் பழகிவிடும்.

தூக்கியபடி இடுப்பை முறுக்காதீர்கள், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். கேனைக் கவிழ்த்து வைக்கும் ஸ்டாண்டுக்குப் பதில், கேன் தரையில் இருக்க அதன் வாயில் மாட்டும் சார்ஜ் பம்பு வாங்கினால் தூக்கும் வேலையே இல்லை. வீட்டு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. சக்கரம் வைத்த தாங்கியில் தள்ளுங்கள்.

விடிகாலையில் குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் குனிந்து தூக்கினால் அதன் மேல் சுமை அதிகம். கொஞ்சம் நடமாடிவிட்டு எடுங்கள். குடத்தை முக்கால் அளவு நிரப்பி, நடைக்கு நடை இடுப்பை மாற்றுங்கள். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதற்கும் இதேதான்.

பள்ளிப் பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. அதில் ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. கனமான புத்தகங்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும், இரண்டு பட்டையும் இறுக்கமாக இருக்கட்டும்.

வண்டி ஓட்டும்போது முதுகுப் பையின் பட்டைகளைத் தளர்த்தி, பையின் அடி சீட்டில் உட்காரும்படி விடுங்கள். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வேண்டாம். பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தலையணை தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று.

பயிற்சிகள், நாளைக்கு எட்டு நிமிடம்

மோவாய் உள்ளிழுத்தல்: நேரே பார்த்தபடி தலையைப் பின்னால் நகர்த்துங்கள், இரட்டை மோவாய் விழும். 5 விநாடி, 10 முறை. தரையைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்தால் பலனில்லை.

நிலைவாசலில் நெஞ்சு விரித்தல்: முழங்கைகளைத் தோள் உயரத்தில் நிலைச்சட்டத்தில் வைத்து ஒரு அடி முன்னால் போங்கள். 30 விநாடி, இரண்டு முறை. தோளின் முன்பக்கம் குத்தினால் முழங்கைகளை இறக்குங்கள்.

இடுப்பின் முன்பக்கம் நீட்டுதல்: ஒரு முழங்காலைத் தலையணையில் ஊன்றி, மறு காலை முன்வையுங்கள். பிட்டத்தை இறுக்கியபின் சற்றே முன்னால் போங்கள். பக்கத்துக்கு 30 விநாடி. இறுக்காமல் போனால் கீழ்முதுகுதான் வளையும், தொடை நீளாது.

பாலம்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தைத் தூக்கி 3 விநாடி நிறுத்துங்கள். 12 முறை, இரண்டு சுற்று. தொடையின் பின்பக்கம் சுளுக்கினால் பாதத்தை இன்னும் அருகில் இழுத்து வையுங்கள்.

ரப்பர் பட்டை இழுத்தல்: சன்னல் கம்பியில் மாட்டி, முழங்கைகளை விலாவை ஒட்டிப் பின்னால் இழுங்கள். 12 முறை, இரண்டு சுற்று. தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. ஐந்தில் இரண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பாலத்தையும் இதையும் செய்யுங்கள்.

தோளை இழுத்துக் கட்டும் பெல்ட்டுகளில் நம்பிக்கை வைக்க வேண்டாம். தசை செய்ய வேண்டியதைத் துணி செய்கிறது, கழற்றியதும் தோள் பழைய இடத்துக்கே போகும்.

கால் மரத்து வலுவிழந்தால், சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ போகாமலோ இருந்தால், தொடைகளின் இடுக்கில் உணர்ச்சி குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் வரும் முதுகுவலியும், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியும், விழுந்தபின் வரும் வலியும் காத்திருக்கத் தக்கவை அல்ல. வளரும் பிள்ளையைக் கை கூப்பி முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் அது உட்காரும் பழக்கத்தால் வந்ததல்ல. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைகிறதா என்று எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டும். இதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

ஆறு வாரம் கழித்து, அதே இடத்தில், தெரியாமல் இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய படத்தோடு ஒப்பிடுகையில், முதுகைப் பார்க்கும் முன் பாதம் தரையில் படிந்திருக்கிறதா, முழங்கை மேசை மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை மாறாமல் காது மட்டும் தோளுக்கு நேரே வந்திருந்தால், படம் எடுப்பது தெரிந்து நிமிர்ந்திருக்கிறீர்கள். இன்னொரு நாள் எடுக்கச் சொல்லுங்கள்.